லீதியாள் டீச்சரின் கம்போடியா ஊழியம்

வாங்க ஐயரம்மா, வாங்க. தோத்திரம். செருப்பு கிடக்கட்டும், யாரும் எடுத்துட்டுப் போவ மாட்டாவ, உள்ள வாங்க. உங்க வீட்டுக்காரர் சபைப் போதகரா மாத்தலாகி, நீங்க இந்தச் சேகரத்துக்கு வந்து ரெண்டு மாசம் ஆகப்போவுது. எல்லார் வீட்டுக்கும் வீடு சந்திப்பு போயாச்சு, லீதியாள் டீச்சர் வீட்டுக்கு மட்டும் வழி தெரியல, இல்லியா? சும்மா சொல்லுதேன். கோவமெல்லாம் இல்ல. நீங்க வந்து எறங்குன அன்னைக்கே யாரு யாரு என்னென்ன ஓதியிருப்பாவன்னு எனக்குத் தெரியாதா?

ஃபேனுக்கு நேரா உக்காருங்க. எங்க வீட்டுக்காரர் தோத்திரம் சொன்னாவல்லா, அவ்வளவுதான், இனி ரூமை விட்டு வெளிய வர மாட்டாவ. கூட்டுறவு பேங்குல இருந்து ரிட்டையர் ஆனதுல இருந்து பேச்சு கொறஞ்சு போச்சு. இல்ல, அதுல இருந்து இல்ல. கம்போடியாவுல இருந்து நான் வந்ததுல இருந்து. அதைத்தான் சொல்ல வாரேன்.

மக்ரூன் எடுத்துக்கிடுங்க, தூத்துக்குடியில இருந்து வந்தது. எடுங்க, சும்மா கையில வச்சுக்கிட்டு இருக்காதீங்க.

விஷயம் என்னன்னா, வில்பிரட் அண்ணாச்சி டீம் இந்த வருஷமும் கம்போடியாவுக்குப் போவுது. நம்ம சபையில இருந்து அவிய வருஷா வருஷம் ஆள் சேத்துக் கூட்டிட்டுப் போவாவ, பத்து நாள் ஊழியம், வந்து ஞாயித்துக்கிழமை ஆராதனையில சாட்சி சொல்லுவாவ. எல்லாரும் பேர் குடுத்தாச்சு. என் பேரை மட்டும் சேக்கக் கூடாதுன்னு பழைய ஐயர் மாத்தல்ல போறதுக்கு முந்தி சொல்லிட்டுப் போயிருக்காவ. கோயிலுக்கு வெள்ளையடிக்க நேரமில்லாத மனுசனுக்கு இதுக்கு நேரம் இருந்திருக்கு பாருங்க. இப்பம் உங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்ககிட்ட நான் எதையும் மறைக்க மாட்டேன், முப்பத்தி ரெண்டு வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்துல வாத்திச்சியா இருந்தவ நான். பொய் சொல்லுத பிள்ளைய நான் விட்டதும் கிடையாது, நான் பொய் சொன்னதும் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்லுதேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

போன வருஷம் போனது பதிமூணு பேரு. எல்லாருக்கும் ஒரே மாதிரி நீல டீ-ஷர்ட்டு, முதுகுல சிலுவை போட்டு. எனக்கு சேலைக்கு மேல அதைப் போட்டுக்கிட்டு ஏர்போட்ல நிக்க ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா கர்த்தருக்குன்னு வந்தாச்சு, வெக்கம் என்ன வெக்கம். பருப்புப் பொடி, நார்த்தங்கா ஊறுகா, முறுக்கு எல்லாம் நான்தான் கட்டி எடுத்துட்டுப் போனேன். அத்தனை பேரும் தின்னாவ. தின்னுட்டுத்தான் இப்பம் என்னைக் கண்டா ரோட்டைத் தாண்டிப் போறாவ.

அங்க காலேப் பாஸ்டர்னு ஒருத்தர். மார்த்தாண்டத்துக்காரர், ரொம்ப வருஷமா அங்கேயே இருந்து அநாதைப் பிள்ளையளுக்கு ஒரு ஹோம் நடத்துதாவ. அவிய பேசுற அந்த ஊரு பாஷையக் கேக்கணும் நீங்க, வாய்க்குள்ள கூழாங்கல்லைப் போட்டுக்கிட்டு பேசுத மாதிரி இருக்கும். ஹோமுக்குப் பணம் அனுப்புதது சிங்கப்பூர்ல இருக்கிற ஒரு தமிழ்ச் சபை. அவிய ஒரு சட்டம் வச்சிருக்காவ. தாயும் இருக்கக் கூடாது, தகப்பனும் இருக்கக் கூடாது, அந்தப் பிள்ளையளைத்தான் சேக்கணும். சரியான சட்டந்தானே? இல்லாட்டா ஊருல உள்ளவன் எல்லாம் பெத்துப் பெத்து கொண்டாந்து விட்டுருவான்.

பிள்ளைய எல்லாம் சப்பை மூக்கும் சின்னக் கண்ணுமா, வரிசையா நின்னு கும்பிடுதுவ. அதுல ஒண்ணு நேரா வந்து என் சேலை முந்தானையப் பிடிச்சிக்கிடுச்சு. பொம்பளப் பிள்ளை, ஆறு ஏழு வயசு இருக்கும். பேரு ஸ்ரேலீப்பாம். வாயில நுழையுதா? நான் கிருபான்னு பேர் வச்சேன். ரெண்டே நாள்ல கிருபான்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்க ஆரம்பிச்சிட்டு. 

எனக்குப் பிள்ளை இல்ல ஐயரம்மா. அதையும் உங்ககிட்ட சொல்லியிருப்பாவ, அதைச் சொல்லாம விடுவாவளா. ஊருப் பிள்ளையள எல்லாம் அடிச்சு அடிச்சு ஆளாக்கியாச்சு, நமக்குன்னு ஒண்ணு இல்ல. நான் அதை யாருகிட்டயும் குறையாச் சொன்னது கிடையாது. ஆனா அந்தப் பிள்ளை வந்து என் மடியில ஏறி உக்காந்து, என் வளையலை ஒண்ணொண்ணா உருட்டி விளையாடிச்சு பாருங்க. கர்த்தர் இதுக்குத்தான் என்னை இவ்வளவு தூரம் கொண்டாந்திருக்காருன்னு அங்கேயே வச்சு நெனச்சேன்.

சாப்பிடும்போது என் பக்கத்துலதான் உக்கார வச்சேன். ஆத்து மீனு, எல்லாம் முள்ளு. நல்ல துண்டா பாத்து அது தட்டுல வச்சேன். பிள்ளை என்ன செஞ்சுச்சு தெரியுமா? தட்டைத் தூக்கிக்கிட்டு அடுக்களைக்குப் போயிட்டு. என்னடான்னு எட்டிப் பாத்தா, சமையல்காரி குத்துக்கால் வச்சு உக்காந்து முள்ளெடுத்துக் குடுக்கா. அவ பேரு சோபாள். மெலிஞ்சு கறுத்து, எலும்பும் தோலுமா இருப்பா. மீனைப் பிச்சு, தன் நாக்குல ஒரு தடவை வச்சுப் பாத்து, முள்ளில்லன்னு தெரிஞ்ச பொறவு பிள்ளை வாயில வைக்கா. எச்சி! "ஏட்டி, உன் எச்சியவா பிள்ளைக்குக் குடுக்கே"ன்னு சத்தம் போட்டேன். அவளுக்கு என்ன புரியும்? எந்திரிச்சு கும்பிட்டுட்டு அடுப்புப் பக்கம் போயிட்டா. பிள்ளை என்னைப் பாக்குது, அவளைப் பாக்குது, அழ ஆரம்பிச்சிட்டு.

அன்னையில இருந்தே அவ மேல எனக்கு ஒரு இது. எல்லாரும் இருக்கும்போது அந்தப் பிள்ளைய ஏறெடுத்துப் பாக்க மாட்டா. மத்த பிள்ளைக்கு ஒரு அகப்பை சோறுன்னா இதுக்கும் ஒரு அகப்பைதான். யாரும் இல்லாட்டா மட்டும் பிள்ளை அவ சேலைக்குள்ள, சேலை இல்ல, அந்த லுங்கி மாதிரி ஒண்ணு கட்டுவாளுவ, அதுக்குள்ள போய் முகத்தைப் புதைச்சுக்கிட்டு நிக்கும். நான் வாரதைக் கண்டா பிரிஞ்சிருவாவ. வகுப்புல காப்பியடிக்குத பிள்ளையள பின்னால இருந்தே கண்டுபிடிக்கத் தெரிஞ்சவ நான். என்கிட்டயா?

சரி. கடைசி நாள் பிரிவுபசாரக் கூட்டத்துக்கு சிங்கப்பூர் சபையில இருந்து ஒரு மூப்பர் வாராவன்னு சொன்னாவ. பிள்ளைய ஏதாவது செய்யணுமில்லா? வில்பிரட் அண்ணாச்சி பாட்டு போதும்னாவ. பாட்டு எல்லாரும்தான் பாடுதாவ. நான் சொன்னேன், ஒவ்வொரு பிள்ளையும் மைக்குக்கு முன்னால வந்து தமிழ்ல மூணு வரி சொல்லட்டும். "எனக்கு அம்மா இல்ல. எனக்கு அப்பா இல்ல. எனக்கு இயேசு இருக்கார்." அவ்வளவுதான். கேக்குறவங்க கல் நெஞ்சும் கரைஞ்சிரும், காணிக்கையும் நல்லா விழும். நானே சொல்லிக் குடுத்தேன். வாத்திச்சி சும்மாவா? ஒரு காலையில அத்தனை பிள்ளையும் கிளிப்பிள்ளை கணக்கா சொல்லுதுவ. அர்த்தம் தெரியாம சொல்லக்கூடாதுன்னு காலேப் பாஸ்டரை விட்டு அர்த்தமும் சொல்ல வச்சேன்.

அதுலதான் தப்பு நடந்துச்சுன்னு இப்பம் இவிய எல்லாம் சொல்லுதாவ. அர்த்தம் சொன்னது தப்பா?

கிருபா மட்டும் சொல்ல மாட்டேங்குது. "எனக்கு அப்பா இல்ல" கணீர்னு சொல்லுது. "எனக்கு இயேசு இருக்கார்" அதும் சொல்லுது. முத வரி வர மாட்டேங்குது. வாயை இறுக்கி மூடிக்கிட்டு தரையப் பாக்குது. நான் பைய சொன்னேன், அதட்டிச் சொன்னேன், தொடையில லேசா ஒரு கிள்ளு கிள்ளினேன். ம்ஹும். சரின்னு வெளிய முத்தத்துல நிக்க வச்சேன். சொன்னாத்தான் மத்தியானச் சோறுன்னுட்டேன். அப்படிப் பாக்காதீங்க ஐயரம்மா, நம்ம பள்ளிக்கூடத்துல செய்யாததா? அப்படி நின்ன பிள்ளைய எல்லாம் இன்னைக்கு டாக்டரும் இஞ்சினியருமா இருக்காவ.

வெயிலு ஏறிட்டு. மத்த பிள்ளைய சாப்பிட்டு முடிச்சாச்சு. இது நிக்குது. காலேப் பாஸ்டர் வந்து, "டீச்சர், இந்தப் பிள்ளைய விட்டிருங்களேன், இது பாட்டுல மட்டும் சேந்துக்கிடட்டும்"னாவ. அதெப்படி பாஸ்டர், ஒரு பிள்ளைக்கு விட்டா மத்த பிள்ளைக்கு என்ன பாடம்னு கேட்டேன். அப்பம் அந்த சோபாள் அடுக்களையில இருந்து வந்தா. கையைத் துடைச்சுக்கிட்டே பாஸ்டர்கிட்ட என்னமோ கேட்டா. அவிய குனிஞ்சுக்கிட்டே பதில் சொன்னாவ.

அவ பிள்ளைக்கு முன்னால முழங்கால் போட்டா. நாடியைப் பிடிச்சு நிமித்தினா. நிமித்திட்டு, தமிழ்ல, அவ வாயால, "எனக்கு அம்மா இல்ல"ன்னா.

காலையில இருந்து நான் சொல்லிக் குடுத்ததை அடுப்படியில நின்னு கேட்டே படிச்சிருக்கா பாருங்க! பிள்ளை தலைய ஆட்டுது. மறுபடியும் சொல்லுதா, "எனக்கு அம்மா இல்ல." சிரிச்ச முகமா சொல்லுதா, கண்ணுல இருந்து தண்ணி ஓடுது. பிள்ளை அவ வாயைக் கையால பொத்துது. அந்தக் கையை எடுத்துப் பிடிச்சுக்கிட்டு மறுபடியும் சொல்லுதா. எத்தனை தடவை சொன்னாளோ. கடைசியில பிள்ளை சொல்லிட்டு. மூணு வரியும், சுத்தமா. நான் கை தட்டினேன். நல்லது செஞ்சா நான் தட்டத்தான் செய்வேன். அவ எந்திரிச்சுப் போய் சோத்தைப் போட்டுக் கொண்டாந்து குடுத்தா. பிள்ளை திங்கல.

மத்தியானம் படுத்துக்கிட்டு யோசிச்சேன். பாடம் சொல்லிக் குடுக்க சமையல்காரிக்கு எதுக்குக் கண்ணீரு? எந்திரிச்சு நேரா காலேப் பாஸ்டர்கிட்ட போனேன். "பாஸ்டர், பிள்ளையளுக்கு முன்னால நான் கேக்கல, இப்பம் கேக்கேன், அவ யாரு?"ன்னேன். மனுசன் பொய் சொல்லத் தெரியாதவர். ஒத்துக்கிட்டாவ. பெத்தவதான். புருசன் செத்துட்டான், பிழைக்க வழியில்ல, பிள்ளைய விட்டுட்டுப் போகவும் மனசில்ல. பாஸ்டர்தான் ரெண்டு பேரையும் பிரிக்காம இருக்கணும்னு, பிள்ளைய அநாதைன்னு சேத்துக்கிட்டு தாயை அடுக்களைக்கு வச்சுக்கிட்டாவ. பிள்ளைக்கும் கண்டிப்பாச் சொல்லி வச்சிருக்காவளாம், ஆளுவ முன்னால அம்மான்னு கூப்பிடக் கூடாதுன்னு. "சிங்கப்பூருக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரும் தெருவுலதான் டீச்சர். தயவு செஞ்சு மனசோட வச்சுக்கிடுங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாவ. நான் வாக்குக் குடுக்கல. பாப்போம் பாஸ்டர்னுதான் சொன்னேன். இதை எல்லாரும் மறந்திருதாவ.

எனக்கு ஈவு இரக்கம் இல்லன்னு சொல்லுதாவளே, நான் ஒரு வழியும் சொன்னேன். "பிள்ளைய எனக்குத் தாங்க பாஸ்டர்"னேன். நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன், நல்ல பள்ளிக்கூடத்துல சேக்கேன், கழுத்து காதுக்குப் போட்டு வளக்கேன். அவளுக்கும் பாரம் கழியும், உங்களுக்கும் பொய் சொல்ல வேண்டாம். சட்டம் அது இதுன்னு இழுத்தாவ. முதல்ல அவகிட்ட கேளுங்கன்னேன். கூப்பிட்டுக் கேட்டாவ. அவ என்ன செஞ்சா தெரியுமா? என் காலைத் தொட்டுக் கும்பிட்டா. கும்பிட்டுட்டு எந்திரிச்சு, என் முகத்தைப் பாத்து, மாட்டேன்னு தலைய ஆட்டினா. ஒரு நிமிசம் கூட யோசிக்கல ஐயரம்மா. அடுத்த வேளைச் சோத்துக்கு வழியில்லாதவ. அப்படி ஒரு திமிரு. நான் அவ்வளவு கேட்டு, ஒருத்தி முடியாதுன்னுட்டா.

அதுக்குப் பொறவுதான் எனக்கு வைராக்கியம் வந்துச்சு. பிள்ளைக்காக இல்ல. சத்தியத்துக்காக.

பிரிவுபசாரக் கூட்டம் முத்தத்துல பந்தல் போட்டு நடந்துச்சு. சிங்கப்பூர் மூப்பர் வெள்ளைச் சட்டையில முன் வரிசையில உக்காந்திருக்காவ. நல்ல மனுசன், பாளையங்கோட்டைப் பக்கந்தான் பூர்வீகமாம். பிள்ளைய ஒவ்வொண்ணா வந்து சொல்லிச்சு. கிருபாவும் வந்துச்சு. நான் தச்சுக் கொண்டு போயிருந்த ரோஸ் கவுனு போட்டிருந்துச்சு. "எனக்கு அம்மா இல்ல"ன்னு ஒரு பிசிறு இல்லாம சொல்லிச்சு. மூப்பர் கண்ணாடியைக் கழத்திட்டு கண்ணைத் துடைச்சாவ. சோபாள் பந்தல் ஓரத்துல சோத்துப் பானை பக்கத்துல நிக்கா.

எல்லாரும் சாட்சி சொன்னாவ. என் முறை வந்துச்சு. நான் மைக்கைப் பிடிச்சு, "கர்த்தர் இந்த மலடிக்கு இந்த தேசத்துல ஒரு பிள்ளையக் குடுத்திருக்கார்"னேன். அல்லேலூயான்னாவ. "இன்னைக்கே என் மகளை என்கூடக் கூட்டிட்டுப் போறேன்"னு சொல்லி, கிருபாவைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு நேரா வேனுக்கு நடந்தேன். சும்மா ஒரு சோதனைக்குத்தான் ஐயரம்மா. பெத்தவளா இருந்தா வருவா, இல்லாட்டா நிப்பா. வேதத்துலயே, ஒரு பிள்ளைக்கு ரெண்டு பேரு அம்மான்னு வந்து நின்னப்ப, வாளைக் காட்டிப் பெத்தவளைக் கண்டுபிடிச்ச ராஜா இருக்காரே.

பிள்ளை கதறுது. என் தோள்ல கடிச்சிட்டு, இன்னும் தழும்பு இருக்கு. காலேப் பாஸ்டர் "டீச்சர், டீச்சர்"னு பின்னால ஓடி வாராவ. நான் திரும்பிப் பாத்தேன், சோபாள் அசையல! அகப்பையப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. பல்லைக் கடிச்சுக்கிட்டு, வரிசையில நிக்குற பிள்ளைக்கு சோறு போடுதா. பாத்தீயளா, எவ்வளவு அழுத்தக்காரின்னு? பிள்ளைய வேனுக்குள்ள வச்சு கதவைச் சாத்தினேன். டிரைவர்கிட்ட வண்டிய எடுன்னு கையைக் காட்டினேன். அவன் பாவம், நெசம்னு நெனச்சு ஸ்டார்ட் பண்ணிட்டான்.

அப்பம் வந்தா. பானையத் தட்டி விட்டுட்டு வந்தா. கொதிக்க கொதிக்கச் சோறும் கஞ்சியும் கால்ல கொட்டி, தோலு உரிஞ்சு தொங்குது, அதோட ஓடி வாரா. வேன் கண்ணாடியில ரெண்டு கையாலயும் அடிக்கா. உள்ள இருந்து பிள்ளை "மாக், மாக்"னு கத்துது. அதுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டிய தேவை இல்ல.

நான் கதவைத் தொறந்து விட்டேன். தொறந்து விட்டுட்டு மூப்பரைப் பாத்துச் சொன்னேன், "ஐயா, நீங்க கண்ணீர் விட்டீயளே, இந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்கா."

பொய் வெளிச்சத்துக்கு வந்துட்டா இல்லியா? அதுக்கு என்னை எல்லாரும் மெச்சணுமா வேண்டாமா? மூப்பர் எந்திரிச்சு வந்தாவ. பொறவு, "நாங்க சபைக்குப் பதில் சொல்லணுமே பாஸ்டர்"னாவ. ஹோமையே நிறுத்தாம விட்டதே பெரிய காரியம். அந்த ரெண்டு பேரை மட்டும் உடனே அனுப்பிரணும்னாவ. காலேப் பாஸ்டர் கெஞ்சினாவ, என் சம்பளத்துல வச்சுக் காப்பாத்துதேன்னு சொன்னாவ. ஒரு பொய்யில ஆரம்பிச்சதுக்கு இன்னொரு சலுகையான்னு மூப்பர் கேட்டுட்டாவ. வில்பிரட் அண்ணாச்சி மரத்தடியில போய் நின்னு அழுதாவ. இத்தனை வயசுக்கு அப்புறம் ஆம்பளை அழுவதைப் பாக்க நல்லாவா இருக்கு?

அவ ஒரு துணி மூட்டையோட கிளம்பினா. கால்ல வாழையிலை மாதிரி என்னமோ வச்சுக் கட்டியிருந்துச்சு, நொண்டி நொண்டி நடந்தா. எனக்கு மனசு கேக்கல. நான் என்ன அவளுக்கு எதிரியா? ரெண்டு கவுனு, பிஸ்கட் பாக்கெட்டு எல்லாம் ஒரு பையில போட்டுக் கிருபா கையில குடுத்தேன். சோபாள் அதை வாங்கினா. பிள்ளை போட்டிருந்த ரோஸ் கவுனையும் கழத்தினா. மடிச்சு, பைக்கு மேல வச்சு, என் கால்கிட்ட படியில வச்சிட்டு, பிள்ளைய வெறும் ஜட்டியோட தூக்கிக்கிட்டுப் போயிட்டா. நம்ம ஊருல பிச்சைக்காரி கூட அப்படிச் செய்ய மாட்டா. பிள்ளை ஒரு தடவை கூட என்னைத் திரும்பிப் பாக்கல. கிருபா, கிருபான்னு கூப்பிட்டேன். பாக்கல.

பிளைட்டுல என் பக்கத்துல உக்கார ஆளில்ல. எல்லாரும் இடம் மாத்தி மாத்தி உக்காந்துக்கிட்டாவ. ஊருக்கு வந்து ஆராதனையில பன்னெண்டு பேரும் சாட்சி சொன்னாவ. அந்த ஊர்ல மழை பெஞ்சது, ரோடு மோசம், கர்த்தர் பாதுகாத்தார், இதுதான் சாட்சி. பிசாசோட பொய்ய வெளிய கொண்டு வந்த என்னைப் பேச விடல. பழைய ஐயர் தனியாக் கூப்பிட்டு, "டீச்சர், நீங்க கொஞ்ச நாள் பேசாம இருங்க. ஜெபம் மட்டும் பண்ணுங்க"ன்னாவ. பெண்கள் ஐக்கிய சங்கத்துல பொருளாளரா இருந்தேன், அதுல இருந்தும் எடுத்துட்டாவ. கோயில் அசன விருந்துக்கு காய் நறுக்கப் போனாக் கூட எனக்குன்னு ஒரு அருவாமனை கிடையாது.

எங்க வீட்டுக்காரர்கிட்ட யார் போய்ச் சொன்னாவளோ, வில்பிரட் அண்ணாச்சியாத்தான் இருக்கும். இவிய எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாவ. "அந்தப் பிள்ளை ராத்திரி என்ன சாப்பிட்டிருக்கும், லீதியாள்?" அதுக்கு நான் எப்படிப் பதில் சொல்லுதது? நான் என்ன கூடவா போனேன்? அன்னையில இருந்து தட்டை எடுத்துக்கிட்டு ரூமுக்குப் போயிருதாவ.

இருங்க, இருங்க, முடிக்கேன். முக்கியமான விஷயமே இனிமேதான்.

கர்த்தர் ஒண்ணைத் தொடங்குனா பாதியில விடுவாரா? நான் அன்னாடம் அந்தப் பிள்ளைக்காக ஜெபம் பண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். காலேப் பாஸ்டருக்குப் போன் போடுவேன், என் நம்பரைப் பாத்தா எடுக்க மாட்டாவ. போன மாசம் எங்க வீட்டுக்காரர் குளிக்கப் போன நேரம் அவிய போன்ல இருந்து போட்டேன். எடுத்தாவ. எடுத்துட்டு, நான்னு தெரிஞ்சும் வைக்கல. சொன்னாவ.

சோபாள் தாய்லாந்து எல்லைப் பக்கம் கட்டட வேலைக்குப் போயிருக்கா, பிள்ளையையும் கூட்டிக்கிட்டு. சிமெண்டு மூட்டைக்கு மேல ஆளுவள ஏத்திக்கிட்டுப் போவானுவளாம். லாரி ஓடைக்குள்ள கவுந்திட்டு. அவ அங்கேயே முடிஞ்சிட்டா. பிள்ளைய அவ வெளிய தூக்கி எறிஞ்சிருக்கா போல, ஒரு சிராய்ப்பு இல்ல. போலீஸ்காரன் விசாரிச்சப்ப பிள்ளைக்கு வேற ஊரோ ஆளோ சொல்லத் தெரியல, காலேப் பாஸ்டர் பேரைச் சொல்லியிருக்கு. கொண்டாந்து ஹோம்ல விட்டுட்டாவ.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சிட்டு ஐயரம்மா. அப்படியே தரையில முழங்கால் போட்டுட்டேன். பாருங்க, எவ்வளவு ஒழுங்கா நடத்தியிருக்கார்! இப்பம் ஒரு பொய்யும் இல்ல. காலேப் பாஸ்டர் யாருக்கும் பயப்பட வேண்டாம். சிங்கப்பூர்க்காரர் சட்டத்துக்கும் குறைவில்ல, அவியளே ஒத்துக்கிட்டாவளாம். அந்தப் பிள்ளை இனி அங்க தலை நிமிந்து இருக்கலாம். நான் அன்னைக்கு வாயைத் திறக்காம இருந்திருந்தா, இன்னும் ரெண்டு பேரும் திருட்டுத்தனமா ஒளிஞ்சு ஒளிஞ்சுல்லா வாழ்ந்திருப்பாவ?

ஒரே ஒரு சங்கடம். பிள்ளை யாருகிட்டயும் பேச மாட்டேங்குதாம். வந்ததுல இருந்து ஒரு சொல்லு இல்ல. மீன் வச்சா தட்டைத் தூக்கிக்கிட்டு அடுக்களை வாசல்ல போய் நிக்குதாம், உள்ள போகாதாம், சாப்பிடாதாம். அதெல்லாம் நான் போனா சரியாயிரும். நான் சொல்லிக் குடுத்து வராத பிள்ளை உண்டா? புதுசா கவுனு தச்சு வச்சிருக்கேன், கொஞ்சம் பெரிசாவே தச்சிருக்கேன், வளந்திருக்குமில்லா. இப்பம் கேட்டா மாட்டேன்னு தலையாட்ட யாரும் இல்ல. அதனாலதான் சொல்லுதேன், உங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லணும்.

என்ன எந்திரிச்சிட்டீய? காப்பி அப்படியே இருக்கு. மக்ரூன் ஒண்ணு கூடத் தொடல. உக்காருங்க. சரி, நேரமாச்சுன்னா போங்க, ஆனா வீடு சந்திப்புக்கு வந்துட்டு ஜெபம் பண்ணாம போகக் கூடாது. நின்னுக்கிட்டே பண்ணுங்க, போதும். எனக்காக வேண்டாம். அந்தப் பிள்ளைக்காகப் பண்ணுங்க. ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கீய? சரி, நீங்க கண்ணை மூடுங்க, நானே பண்ணுதேன். அழாதீங்க ஐயரம்மா. எனக்கும் அந்தப் பிள்ளைய நெனச்சா அழுகைதான் வருது. தாயில்லாப் பிள்ளையில்லா.